அக்கா தைத்த உடம்பு

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுக்கு,

ஒன்பது நாளாக உன் போனுக்கு அடித்து அடித்து விரல் தேய்ந்துவிட்டது. நீ எடுக்கப் போவதில்லை என்று தெரிகிறது. சரி, கடிதத்தை உன்னால் கட் பண்ண முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

முதலில் ஒன்று. நீ கோபித்துக்கொண்டு அப்படியே போட்டுக்கொண்டு போன நீல உடுப்பில் பதினோரு குண்டூசி இருக்கிறது. இடுப்பில் ஏழு, கையடியில் நாலு. அதோடு ரயிலில் மூன்று மணி நேரம் எப்படி உட்கார்ந்து போனாயோ.

நான் சொன்னது தப்பு என்று நினைக்கிறாய். சொன்ன இடம் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு நான் மடிப்புப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, "அக்கா, மார்பைப் பெருசாக்குற ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். ஏப்ரல் பதினெட்டு" என்று ஏதோ டிக்கெட் போட்ட மாதிரி சொன்னாய். "முப்பத்தொம்பது வயசுல யாருக்குடி காட்டப் போற?" என்று எனக்கு வந்துவிட்டது. தையல் கடைத் திரைக்கு அந்தப் பக்கம் பேங்க் மேனேஜர் அம்மா சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? அவர் சிரித்ததற்கு நான் பொறுப்பில்லை.

ஆனாலும் கேள்வி கேள்விதான். இரண்டு பிள்ளை பெற்றாயிற்று. மாப்பிள்ளை தங்கமான மனுஷன். நன்றாக இருக்கிற உடம்பில் எதற்குக் கத்தி? அந்தத் தேதியை முதலில் ரத்து செய். பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

குண்டூசி பத்துதான் கிடைத்தது. பதினொன்றாவதை உன் மாப்பிள்ளை மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடித்தார்.

நீ கேட்டபடி திட்டத்தான் எழுதுகிறேன். யாருக்குக் காட்ட என்று கேட்டாயே, நான் தினமும் காட்டிக்கொண்டுதான் நிற்கிறேன். காலையில் நாற்பது பிள்ளைகள், கரையில் அவர்களுடைய அம்மா அப்பாக்கள். மற்ற நீச்சல் வாத்தியார்கள் எல்லாம் நீச்சல் உடையோடு நிற்கிறார்கள். நான் மட்டும் அதன் மேல் ஒரு தொளதொள பனியனை மாட்டிக்கொண்டு நிற்கிறேன், அது நனைந்து கல்லாகக் கனக்கிறது. தண்ணீருக்குள் இருக்கிற வரைக்கும் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. படியேறி வெளியே வந்ததும் பொத்தென்று இறங்கிவிடுகிறது. இருபத்திரண்டு கிலோ குறைத்தேன் என்று எல்லோரும் பாராட்டினீர்கள். கொழுப்பு போனது, தோல் போகவில்லை அக்கா. இரண்டு காலி உறை தொங்குகிறது. அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகிறது. களிம்பு தடவி, காய வைத்து, மறுபடியும் தண்ணீரில் இறங்கி, மறுபடியும் புண். இதை உன்னிடம் சொல்லத்தான் அன்றைக்கு வந்தேன். நீ சொல்ல விடவில்லை.

அவருக்கு இதில் பங்கே இல்லை. "எனக்காகன்னா வேணாம். உனக்காகன்னா லீவு போட்டுப் பிள்ளைங்களப் பாத்துக்கறேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

டாக்டர் ஒரு பெண். அரை மணி நேரம் டேப் வைத்து அளந்தார், உன்னை மாதிரியே, ஆனால் வாயில் ஊசி இல்லாமல். மார்புக்கு அடியில் மடிப்பு விழுகிற கோடு இருக்கிறதே, காம்பு அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தால் உள்ளே வெறும் சிலிகான் பை வைத்தால் போதுமாம். எனக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. அதனால் பை மட்டும் வைத்தால் தொங்குகிற தோல் தொங்கியபடியேதான் இருக்கும், கனம் சேர்ந்து இன்னும் இழுக்கும் என்றார். "உங்களுக்கு முதல்ல வேண்டியது தூக்கித் தைக்கிறது. பெருசாக்கறது வேணுமா இல்லையாங்கறது அதுக்கப்புறம் வர்ற கேள்வி" என்றார்.

நான் என் கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டினேன். "நான் முன்னாடி இப்படித்தான் இருந்தேன் டாக்டர். புதுசா எதுவும் கேக்கல. என்னோடத எனக்குத் திருப்பிக் குடுங்க." அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். இந்த அளவு வேண்டுமென்றால் தூக்கித் தைப்பதோடு இரண்டு பக்கமும் சிலிகான் பையும் வைக்க வேண்டும், பெரிய பையாக வைக்க வேண்டும் என்றார். சரி என்றேன். மார்ச் 21 அன்று படத்தோடு மறுபடி போய் பையின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

நான் முடிவு செய்துவிட்டேன். புத்திமதியைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் எழுது.

தங்கை


பிப்ரவரி 27

அன்புள்ள வாலுக்கு,

புண்ணாகிறது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டேன். இல்லை, கேட்டிருப்பேன், ஆனால் மெதுவாகக் கேட்டிருப்பேன்.

உன் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். அந்த டாக்டருக்குத் தொழில் தெரிகிறது. தூக்கித் தைப்பது சரி. நானும் இருபத்தாறு வருஷமாக இதைத்தான் வேறு துணியில் செய்கிறேன். அளவு பெரிசா சின்னதா என்பது அடுத்த விஷயம், மார்பின் உச்சி எங்கே விழுகிறது என்பதுதான் உடுப்பு. அதனால் அதைச் செய்துகொள். நான் இனிமேல் தடுக்கவில்லை.

ஆனால் அந்தப் பை வேண்டாம். அந்தக் கல்யாணப் படத்தையும் டாக்டரிடம் கொண்டு போகாதே. ஏன் என்று கேட்காதே. அக்கா சொல்கிறேன், கேள்.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

ஏன்?

படத்தைப் பார்த்தால் உனக்கு என்ன? என் வாழ்க்கையிலேயே நான் அழகாக இருந்தேன் என்று எனக்கே தோன்றுகிற ஒரே படம் அது. குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், தினமும் இரண்டையும் பார்க்கிறேன். "ஏன் என்று கேட்காதே" என்று சொல்லி என்னைச் சம்மதிக்க வைக்க நான் இன்னும் ஆறாம் வகுப்பு படிக்கவில்லை. காரணம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் 21ஆம் தேதி படத்தோடுதான் போவேன்.

தங்கை


மார்ச் 11

வாலு,

நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

உன் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது உன் மாமியார் கடைக்கு வந்தார். நீ இல்லை, வேலைக்குப் போயிருந்தாய். உன் கல்யாண உடுப்பை விரித்துக் காட்டினேன். துணியைத் தடவிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம், "பொண்ணுக்குத்தான் மேல எடுப்பாவே இல்ல. சின்னப் புள்ளைக்குத் தச்ச மாதிரி இருக்கு" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. விலை கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் முகம் எரிந்தது.

அவர் போனதும் ஷட்டரை இறக்கினேன். மெல்லிய ஸ்பாஞ்சை வட்டம் வட்டமாக வெட்டி, ஒன்றைவிட ஒன்று சின்னதாகப் பக்கத்துக்கு ஐந்து அடுக்கு அடுக்கி, உள் துணிக்கும் மேல் துணிக்கும் நடுவில் வைத்துத் தைத்தேன். விளிம்பு கையில் தட்டுப்படாத அளவுக்கு இழைத்தேன். கல்யாணத்தன்று நீ "கனமா இருக்கேக்கா" என்றாய். "நல்ல துணின்னா கனமாத்தான் இருக்கும்" என்றேன். உன் மார்பளவு முப்பத்தொன்றரை அங்குலம். அந்த உடுப்பின் அளவு முப்பத்து நாலரை.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. நிறுத்தவில்லை. நிறுத்தினால் வித்தியாசம் தெரிந்துவிடுமே. அதற்கப்புறம் உனக்குத் தைத்த ஒவ்வொன்றிலும் வைத்தேன். நீ பால் கொடுத்த காலத்தில் மட்டும் எடுத்தேன், பிறகு மறுபடியும் வைத்தேன். நான் சொன்ன அளவில் கடையில் வாங்குகிற உள்ளாடை எல்லாம் தொளதொளவென்று இருக்கிறது என்று நீ சொல்வாயே, "கம்பெனிக்காரனுக்கு அளவு தெரியாது" என்று நான்தான் சொன்னேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. உனக்குத் தெரியாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

என் அளவு நோட்டில் உன் பக்கத்தில் மட்டும் இரண்டு எண் இருக்கிறது. ஒன்று உன்னுடையது, ஒன்று நான் தைத்தது. நீ அந்தப் படத்தில் பார்ப்பது இரண்டாவதை. நீ டாக்டரிடம் திருப்பிக் கேட்பது உன்னிடம் எப்போதும் இருந்ததில்லை.

நீ எப்போதாவது குறைப்பட்டாயா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. வெட்கப்பட்டது நான். உன் உடம்புக்காக நான் வெட்கப்பட்டேன். அதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, ஆனால் எழுதிவிட்டேன்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

பதினாறு வருஷம்.

உன் கடிதம் வந்த அன்று வகுப்பு எடுக்கப் போகவில்லை. பரண் மேல் இருந்த கல்யாண உடுப்பை இறக்கி, நெஞ்சுப் பக்கத் தையலைப் பிளேடால் பிரித்தேன். பக்கத்துக்கு ஐந்தாக அத்தனை வட்டமும் பழுப்பாகி, தொட்டதும் பொடிந்து மேஜையெல்லாம் கொட்டியது. பெரியவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து "என்னம்மா இது, பிஸ்கட்டா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்காகவும் உன் மேல் கோபம் வந்தது.

உன் கத்தரிக்கோல் வெட்டிய ஸ்பாஞ்சுக்காக நான் என் நெஞ்சைத் திறந்து சிலிகான் வைக்க இருந்தேன் அக்கா. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, பிள்ளை பெற்றதால்தான் எல்லாம் போயிற்று என்று நினைத்திருக்கிறேன். சின்னவன் மேல்கூட ஒரு நாள் அந்த எண்ணம் வந்திருக்கிறது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

21ஆம் தேதி படம் இல்லாமல் போனேன். டாக்டர் "படம் எங்க?" என்றார். "அது எங்கக்கா தச்சது" என்றேன். முதலில் சிரித்தார். முழுவதையும் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டார். "சரி, படம் இல்ல. இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். இவ்வளவு நாள் அந்தப் படம்தான் என் சார்பில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் ஒரு வேலை செய்தார். மாதிரிக்கு வைத்திருக்கிற பைகளை ஒரு மெல்லிய உள்ளாடைக்குள் வைத்து என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். படத்தில் இருக்கிறவள் நின்றாள். அழகாகத்தான் இருந்தாள். எனக்கு அவளைத் தெரியவில்லை. "கையை நீச்சலடிக்கிற மாதிரி சுத்துங்க" என்றார். சுற்றினேன், இடித்தது. என் மாதிரி ஆட்களுக்குப் பையைத் தசைக்கு அடியில் வைப்பார்களாம், பட்டாம்பூச்சி நீச்சல் அடிக்கும்போது தசை இறுகி அது இடம் பிசகித் தெரியலாமாம். ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது, கண்காணிக்க வேண்டும், ஒரு நாள் மாற்ற வேண்டி வரலாம். "வேணும்னு நெனக்கறவங்களுக்கு இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். நீங்க வேணும்னு நெனக்கறீங்களா?" என்றார்.

கழற்றி அவர் மேஜை மேல் வைத்தேன். "பெருசு வேணாம். இருக்கறது இருக்கவேண்டிய எடத்துல இருக்கணும். புண்ணு வரக் கூடாது. அவ்வளவுதான்" என்றேன்.

ஆக, தூக்கித் தைப்பது மட்டும். மற்றதையும் மறைக்காமல் சொன்னார். காம்பைச் சுற்றி ஒரு தழும்பு, அதிலிருந்து நேர் கீழே ஒன்று, அடி மடிப்பில் ஒன்று. மங்கும், மறையாது. உணர்ச்சி கொஞ்சம் குறையலாம். மேல் பாகம் படத்தில் இருப்பது போல நிரம்பி நிற்காது. இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருக்காது. எடை ஏறி இறங்கினால் மறுபடி தளரும், அதனால்தான் ஒரு வருஷமாக என் எடை ஒரே இடத்தில் நிற்கிறதா என்று கேட்டார். இன்னொரு பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்றும் கேட்டார். நான் சிரித்த சிரிப்பிலேயே எழுதிக்கொண்டார்.

தேதி மாறவில்லை, ஆபரேஷன் மாறிவிட்டது. நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. நீ முதலில் எதுவுமே வேண்டாம் என்றாய். இது நான் தீர்மானித்தது.

உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

தங்கை


ஏப்ரல் 1

வாலு,

மன்னிக்க வேண்டாம். அவசரமில்லை.

நோட்டில் அந்த இரண்டாவது எண்ணை அடித்தேன். அடித்தபிறகு மற்றப் பக்கங்களையும் புரட்டினேன். உன் பக்கத்தில்தான் எண் இரண்டு, ஆனால் எல்லோர் பக்கத்திலும் என் கைவரிசை இருக்கிறது. ஒருத்திக்குத் தோளைத் தூக்கியிருக்கிறேன், ஒருத்திக்கு இடுப்பை ஒளித்திருக்கிறேன். பாதிப் பேர் கேட்கவே இல்லை. உள்ளே வந்து கண்ணாடி முன் நின்றதும் "எனக்கு இது கொஞ்சம் அப்படித்தான்" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆரம்பிப்பார்கள், நான் "பாத்துக்கறேன் விடுங்க" என்பேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு ஆபரேஷன் என்றால் பயம். நீ மயக்கத்தில் படுத்திருப்பதை நினைத்தால் தைக்கிற தையல் கோணிப்போகிறது. இருந்தாலும் கேட்கிறேன். ஆறு வாரம் உன்னால் கையைத் தூக்க முடியாது, கனம் எடுக்க முடியாது. உனக்கு யார் தலை வாருவார்கள்? மாப்பிள்ளைக்குத் தன் தலையையே வாரத் தெரியாது. நான் வரட்டுமா? வேண்டாம் என்றால் வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

வா. ஆனால் நிபந்தனை உண்டு.

18ஆம் தேதி காலை ஏழு மணிக்கு என்னை உள்ளே கூட்டிப் போவார்கள். நீ முந்தின நாளே வந்துவிடு. "நல்லா யோசிச்சியா" என்று ஒரு தடவை கேட்டாலும் உன்னை ரயிலேற்றிவிடுவேன். யோசித்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை, மார்பு ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது.

கட்டுப் பிரிக்கும்போது நீ பக்கத்தில் இருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்லக் கூடாது. இடது பக்கம் அரை அங்குலம் மேலே இருக்கிறது என்று உன் கண்ணுக்குத் தெரியும், அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். நான் கேட்டால் மட்டும் சொல்.

இன்னொன்று முக்கியம். யாராவது கேட்டால் பித்தப்பை ஆபரேஷன், அப்பெண்டிக்ஸ் என்று ஊர் முழுக்கக் கதை கட்டாதே. இதுவும் ஒரு மூடி மறைக்கிற விஷயமாகிவிட்டால் நான் மறுபடியும் உன் உடுப்புக்குள் போன மாதிரிதான். நீச்சல் குளத்தில் எல்லோரிடமும் உள்ளதைச் சொல்லித்தான் லீவு எடுத்தேன். காவலாளி மட்டும் "எதுக்கும் தைரியமா இருங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னார், பாவம், அவருக்கு என்ன புரிந்ததோ. நீயும் உள்ளதைச் சொல்.

கோபம் இன்னும் இருக்கிறது. இருந்தாலும் வா. அன்றைக்கு எனக்கு நீதான் வேண்டும்.

உன் வாலு


ஏப்ரல் 15

அன்புள்ள வாலுக்கு,

எல்லா நிபந்தனைக்கும் சம்மதம். இடது பக்கத்தைப் பார்க்கவே மாட்டேன்.

கடை வாசலில் ஆறு வாரம் விடுமுறை என்று அட்டை தொங்கவிட்டாயிற்று. இன்று காலை தலைமையாசிரியை அம்மா தைக்கக் கொடுத்த கோட்டை வாங்க வந்தார். உனக்குத் தெரியும், அவர் வந்தால் தெருவில் இருக்கிற நாய்கூட நேராக உட்காரும். "என்ன, வெளியூர்ப் பயணமா?" என்றார்.

"தங்கச்சிக்கு ஆபரேஷன்மா."

"அடடா. என்ன ஆபரேஷன்?"

உண்மையைச் சொல்கிறேன், நாக்கு நுனி வரைக்கும் பித்தப்பை வந்துவிட்டது. விழுங்கினேன். "மார்பு தொங்கிப் போச்சும்மா. தூக்கித் தைக்கிறாங்க. அவளாத் தீர்மானம் பண்ணிக்கிட்டா" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கோட்டை மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சரி, வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நின்றேன். திரும்பி வந்து, வகுப்பில் அவர் குரல் இவ்வளவு தணிந்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், "எனக்கும் ரொம்ப வருஷமா அந்த நெனப்பு இருக்கு. பெருசாக்கறதா, தூக்கறதா, ரெண்டுமே வேணாமா, ஒண்ணும் புரியல. உங்களுக்குப் பாத்தாலே தெரியுமே. எனக்கு எது சரிப்படும், சொல்லுங்க" என்றார்.

வாலு, எனக்குத் தெரிந்தது. பத்து வருஷமாக அவருக்குத் தைக்கிறேன், கேட்ட நிமிஷமே தெரிந்துவிட்டது. கை தானாகக் கழுத்தில் இருந்த டேப்புக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "டாக்டர்கிட்டப் போங்க. போறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே தீர்மானம் பண்ணிட்டுப் போங்க."

இருபத்தாறு வருஷத்தில் அளவு விஷயத்தில் தெரியாது என்று நான் ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கோட்டை வாங்கிக்கொண்டு போனார். பதினேழாம் தேதி மதிய ரயிலில் வருகிறேன்.

அக்கா